கரும்பலகை அருகே நிற்பவர் யார்?

பள்ளிக்கூடம் என்றதும் கட்டடத்தை எண்ணுகிறோம், பலகையை எண்ணுகிறோம், புத்தகத்தை எண்ணுகிறோம், பிள்ளைகளின் தலைகளை எண்ணுகிறோம். ஊருக்கு ஒரு பள்ளி வந்துவிட்டால் அறியாமை ஒழிந்தது என்று அகமகிழ்கிறோம். மகிழத்தான் வேண்டும். நூற்றாண்டுக் கணக்கில் மூடிக்கிடந்த கதவு திறந்தது சிறிய செய்தியன்று. ஆனால், திறந்த கதவின் வழியே உள்ளே நுழையும் பிள்ளை, அங்கே முதன்முதலில் யாரைப் பார்க்கிறது? பாடம் சொல்லும் அந்த முகம், தன் தெருவிலே பார்த்துப் பழகிய முகமா? தன் தெருவுக்குள் எந்நாளும் அடியெடுத்து வைக்காத முகமா? இந்தக் கேள்வியை நாம் அடிக்கடி கேட்பதில்லை. கேட்டாக வேண்டும், தோழர்களே!

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தருமபுரி தனி மாவட்டமாகும் வரையில் சேலம் மாவட்டத்தோடு இணைந்திருந்த பகுதி. ஒருபுறம் சேர்வராயன் மலை. மறுபுறம் சித்தேரி மலை. ஏற்காட்டு மலையிலே பிறந்துவரும் வாணியாறு, அணையிலே சற்றுத் தங்கி, வயலுக்கு இறங்குகிறது. பொம்மிடியிலே இரயில் நின்று போகிறது. உழுது பிழைப்போர், கூலிக்குச் செல்வோர், பிழைப்புத் தேடி வெளியூர் போவோர், மலையையே வீடாகக் கொண்டோர் எல்லோரும் வாழும் இடம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது, தமிழ்நாட்டு மாவட்டங்களில் எழுத்தறிவிலே கடைசி இடம் தருமபுரிக்கு. மாநிலம் முழுவதும் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்திருந்தபோது, இங்கே 68 பேரே அறிந்திருந்தனர்.

இந்த வட்டாரத்து வகுப்பறை ஒன்றிலே உழவர் வீட்டுப் பிள்ளை, சேரிப் பிள்ளை, மலைப் பிள்ளை மூவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கக்கூடும். ஒரே பெஞ்சு என்பது வெற்றி! ஆனால் பெஞ்சுக்கு எதிரே ஒரு நாற்காலி இருக்கிறதே, அந்த நாற்காலியிலே அமர்வோர் யார் என்பதிலேதான் மீதி வெற்றி அடங்கிக் கிடக்கிறது. படிக்கும் உரிமை பாதி. படிப்பிக்கும் உரிமை மறுபாதி. இதுவே நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புவது. இது இன்று நேற்று முளைத்த வாதமன்று. நீண்ட வரலாறு இதற்கு உண்டு.

நாற்காலி ஒருவர்க்கே உரிமையாயிருந்த நாட்கள்

1916ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், தியாகராயர் கையெழுத்திட்டு, பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. அதிலே அடுக்கிக் காட்டப்பட்ட புள்ளிகளில் ஒன்றை மட்டும் பார்ப்போம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவு பெற்ற பட்டதாரிகள் 650 பேர். அவர்களில் 452 பேர் பார்ப்பனர். பார்ப்பனரல்லாத இந்துக்கள் 124 பேர். மற்றவர்கள் 74 பேர். மாகாண மக்கள்தொகையிலே நூற்றுக்கு மூவராக இருந்த ஒரு வகுப்பார், பட்டத்திலே நூற்றுக்கு எழுபது பங்கை நெருங்கினர்.

நீதிமன்றத்திலே அவர்களே, வருவாய்த் துறையிலே அவர்களே என்பதைப் பலரும் பேசியிருக்கின்றனர். உயர்பள்ளியிலும் அவர்களே என்பதன் விளைவை அவ்வளவாகப் பேசியதில்லை. பட்டம் பெற்றவரே உயர்பள்ளி ஆசிரியர். ஆசிரியரே அடுத்த பட்டதாரியைப் பொறுக்கி எடுப்பவர். யாருக்கு மூளை உண்டு, யாருக்கு இல்லை என்று மதிப்பிடுபவரும் அவரே. 'உனக்கு இது வராது' என்று ஒரு சிறுவனிடம் சொல்லும் அதிகாரம் இருக்கிறதே, அது கலெக்டர் அதிகாரத்தினும் பெரிது! கலெக்டர் நிலத்தின் வரியை உயர்த்துவார், தாழ்த்துவார். ஆசிரியரோ ஒரு மனிதனின் மதிப்பையே உயர்த்துவார், தாழ்த்துவார்.

அண்ணல் அம்பேத்கர் தம் இளமையைப் பற்றி எழுதியிருக்கிறார். பள்ளியிலே அவருக்குத் தனிக் கோணி. தாகமெடுத்தால் குழாயைத் தொடக்கூடாது. பணியாள் வந்து திறந்துவிட வேண்டும். பணியாள் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. அதே அம்பேத்கர் வெளிநாடு சென்று, உயர்கல்வி கற்று, 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தார். அங்கே உடன் பணியாற்றிய சிலர், பேராசிரியர்களுக்கான பொதுக் குடத்து நீரை அவர் அருந்தலாகாது என்று எதிர்த்தனர். மாணவனாகச் சென்றபோது குழாய் தடுக்கப்பட்டது. பேராசிரியராகச் சென்றபோது குடம் தடுக்கப்பட்டது. பள்ளிக்குள் நுழைவதைப் பொறுத்துக்கொண்ட சாதி, ஆசிரியர் அறைக்குள் நுழைவதைப் பொறுத்துக்கொள்ளவில்லை! ஏன்? பெஞ்சு என்பது சலுகை. நாற்காலி என்பது அதிகாரம். சலுகையைக் கொடுக்கச் சம்மதிக்கும் சாதி, அதிகாரத்தைப் பகிரச் சம்மதிப்பதில்லை.

சேரிக்குப் பள்ளி, பள்ளிக்கு ஆசிரியர்?

நம் மாகாணத்திலே சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே வேகம் பெற்றது. 1893ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் சென்னை அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தது. பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என்றே அதனைப் பின்னாளில் குறிப்பிட்டனர். பள்ளிகளைத் திறக்கவும், அவற்றுக்குப் புறம்போக்கு நிலம் அளிக்கவும் வழி கூறிய அந்த ஆணை, இன்னொன்றும் கூறியது. அந்த மக்களிலிருந்தே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க உதவித்தொகை வேண்டும் என்றது.

ஏன் அப்படிக் கூற நேர்ந்தது? வேறு வழியில்லை! கட்டடம் கட்டிவிடலாம், சேரிக்குள் கால் வைக்க மேல்சாதி ஆசிரியர் மறுத்தால் என்ன செய்வது? கால் வைத்தாலும், எட்ட நின்று பாடம் சொல்லி, தொடாமல் பலகையை வாங்கி, வீட்டுக்குப் போனதும் குளித்துத் தீட்டுக் கழிப்பவர் எதைக் கற்பிப்பார்? அரிச்சுவடியைக் கற்பிக்குமுன் அவமானத்தையல்லவா கற்பித்துவிடுவார்! ஆகவே, அந்த மண்ணிலேயே ஆசிரியர் முளைக்க வேண்டும் என்ற உண்மையை, வெள்ளை அரசாங்கமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

முளைத்தனர். பின்னாளில் சட்டமன்றம் புகுந்து ஆதிதிராவிடர்க்காக வாதாடிய எம். சி. இராசா, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். பறையன், பஞ்சமன் என்ற இழிபெயர்களை அரசு ஏடுகளிலிருந்து நீக்கி, ஆதிதிராவிடர் என எழுதவேண்டுமென்று வாதாடி, 1922இல் அதற்கு ஆணையும் பெற்றார். வகுப்பறையிலே பெயர் கூப்பிடுவது ஆசிரியரின் அன்றாட வேலை; ஒரு பெயரில் எவ்வளவு இழிவு ஒட்டிக்கிடக்கும் என்பது ஆசிரியராயிருந்தவருக்குத் தெரியாதா? சிதம்பரத்திலே சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் பள்ளி கண்டார். கோயிலுக்குள் நுழைய நந்தனார் நெருப்பில் குளிக்க வேண்டுமென்று கதை கூறிய ஊரிலே, நந்தனார் மரபினர்க்கு நெருப்பு வேண்டாம், நெடுங்கணக்கு வேண்டும் என்று பள்ளி எழுந்தது. அதை எழுப்பியவரும் அம்மக்களுள் ஒருவரே.

பெண்கல்வியின் வரலாறும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. ஆண் ஆசிரியரிடம் வயது வந்த பெண்ணை அனுப்பமாட்டோம் என்றது அன்றைய சமுதாயம். ஆசிரியைகளோ இல்லை. ஆசிரியை இல்லாததால் மாணவி இல்லை. மாணவி இல்லாததால் ஆசிரியை இல்லை! இந்தச் சுழலை அறுத்தவர்களுள் ஒருவர் சகோதரி சுப்புலட்சுமி. இளமையிலே கணவனை இழந்தவர். 1911இல் பட்டம் பெற்றவர். 1912இல் சென்னையில் அவர் தொடங்கிய இல்லம், மூலையிலே முடக்கப்பட்டிருந்த இளம் விதவைகளைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கியது. அந்த இல்லம் பார்ப்பன விதவைகளுக்கென்றே அமைந்தது என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். அங்கேயும் சாதி வேலி இருந்தது. ஆனாலும் ஓர் உண்மை அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. அமங்கலம் என்று ஊர் ஒதுக்கிய பெண், கரும்பலகை அருகே நின்றபோது, எதிரே அமர்ந்த சிறுமிகள் மங்கலம் அமங்கலம் என்ற பொய்யையே மறக்கலாயினர்.

பன்னிரண்டில் ஐந்து

தனி மனிதர் முயற்சி விளக்கு, சட்டம் பகலவன். 1921இல் முதல் வகுப்புரிமை ஆணை பிறந்தது. ஏட்டளவில் நின்ற அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர், அமைச்சர் முத்தையா. 1927-28இல் அவர் வகுத்த முறைப்படி, அரசுப் பணியிடங்கள் பன்னிரண்டு என்றால், பார்ப்பனரல்லாத இந்துக்கள் ஐவர், பார்ப்பனர் இருவர், முஸ்லிம்கள் இருவர், ஆங்கிலோ-இந்தியரும் கிறித்தவரும் சேர்ந்து இருவர், தாழ்த்தப்பட்டோர் ஒருவர். பன்னிரண்டில் ஒன்றே ஒன்றுதான் சேரிக்கு! அந்த ஒன்றுக்கே எத்தனை ஓலம், எத்தனை ஒப்பாரி! தகுதி போயிற்று, திறமை போயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டவர் எத்தனை பேர்!

1951இல் செண்பகம் துரைராசன் வழக்கிலே உச்சநீதிமன்றம் வகுப்புரிமை ஆணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 1953இல் வந்தது அரைநாள் பள்ளித் திட்டம். மீதி அரைநாள் அப்பன் தொழிலைப் பிள்ளை பழகட்டும் என்றனர். குலக்கல்வி என்று நாடு அதற்குப் பெயரிட்டது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. இந்த நிகழ்ச்சிகளை நாம் நன்கறிவோம். இவற்றைக் கல்லூரி இடத்துக்கான போர் என்றும், அரசு வேலைக்கான போர் என்றும் மட்டுமே பார்க்கிறோம். இவை ஆசிரியர் நாற்காலிக்கான போரும் ஆகும். சலவைத் தொழிலாளியின் மகன் அரைநாள் துணி வெளுக்கப் போயிருந்தால், பின்னொரு நாள் அவன் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் போயிருப்பானா?

அந்தப் போர்களின் பயனாகவே, இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகளிலே உழவர் வீட்டு மகளும் நெசவாளர் வீட்டு மகனும் பாடம் சொல்கின்றனர். தாத்தா கைநாட்டு; பேத்தி தலைமையாசிரியை! இதைச் சாதித்தது தலையெழுத்தன்று, அரசாணை எழுத்து.

கடல் கடந்த ஒரு கதை

இது நம் நாட்டு நோய் மட்டுந்தானா? சாதி இல்லாத நாட்டிலே இந்தச் சிக்கல் இல்லையா? அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே சாதிக்குப் பதில் நிறம். குலத்துக்குப் பதில் மொழி.

கலிபோர்னியாவிலே, மெக்சிகோ வழியினரான குடும்பங்கள் ஏராளம். தோட்டத்திலே பழம் பறிக்க அவர்கள் கைகள் வேண்டும். வெள்ளையர் பள்ளியிலே அவர்கள் பிள்ளைகள் வேண்டாம்! தனிப்பள்ளிக்கு விரட்டினர். மெண்டஸ் என்ற குடும்பத்தாரும் வேறு நால்வரும் வழக்காடினர். 1947இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஏழாண்டுகள் கழித்து, 1954இல், கருப்பர் பிள்ளைகளை ஒதுக்கும் தனிப்பள்ளி முறை செல்லாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் கூறிற்று. உலகமே பாராட்டிய தீர்ப்பு!

அதன் பிறகு நடந்ததை உலகம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. பிள்ளைகளை ஒன்றாக்கினர், கருப்பர் பள்ளிகளை மூடினர், அப்பள்ளிகளிலே இருந்த கருப்பு ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பினர். தென் மாநிலங்களிலும் எல்லை மாநிலங்களிலும் 1954 முதல் 1965 வரை ஏறத்தாழ 38,000 கருப்பு ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் பணி இழந்தனர் என்று கணக்கிட்டுள்ளனர். பெஞ்சு கிடைத்தது, நாற்காலி பறிபோயிற்று! வெள்ளைப் பிள்ளையோடு கருப்புப் பிள்ளை அமரலாம்; வெள்ளைப் பிள்ளைக்குக் கருப்பர் பாடம் சொல்லலாகாது! பம்பாய்க் கல்லூரியின் தண்ணீர்க் குடத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கடல்தான் வேறுபாடு, கருத்து ஒன்றே.

1968ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிழக்குப் பகுதியிலே, மெக்சிகோ வழி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பறையைவிட்டு வெளியேறினர். பள்ளியிலே தாய்மொழியான ஸ்பானிய மொழியைப் பேசினால் தண்டனை. கல்லூரிப் படிப்புக்கு வழிகாட்டாமல் கைத்தொழிலுக்கே தள்ளிவிடுதல். பாடநூலிலே அவர்கள் முன்னோர் பெயரே இல்லை. கைத்தொழிலுக்குத் தள்ளினர் என்றதும் உங்களுக்குக் குலக்கல்வி நினைவுக்கு வருகிறதல்லவா? மாணவர்கள் வைத்த கோரிக்கைகளிலே முதன்மையானவற்றுள் ஒன்று: எங்கள் இனத்து ஆசிரியர்களை, நிர்வாகிகளை அமர்த்துங்கள்! அவர்களுக்குத் துணை நின்றவர் சால் காஸ்ட்ரோ என்ற ஆசிரியர். அதே பகுதியிலே பிறந்து வளர்ந்தவர். சதிக் குற்றம் சாட்டி அவரையும் வேறு பன்னிருவரையும் கைது செய்தனர். 1970இல் நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளியது.

அதே பகுதியில் கார்பீல்டு உயர்பள்ளி. அங்கே கணக்கு ஆசிரியர் ஹைமே எஸ்கலாண்டே, பொலிவியா நாட்டிலிருந்து வந்தவர், ஸ்பானிய மொழிக்காரர். ஏழைப் பிள்ளைகளுக்கு உயர்கணிதம் வராது என்று எல்லோரும் கைவிட்டபோது, வரும் என்று நம்பியவர். 1982இல் அவர் மாணவர் 18 பேர் நுண்கணிதத் தேர்விலே தேறினர். பாராட்டு வரவேண்டிய இடத்திலே ஐயம் வந்தது! தேர்வு நடத்திய நிறுவனம் 14 பேர் மீது ஐயங்கொண்டது. 12 பேர் மறுதேர்வு எழுதினர். பன்னிருவரும் தேறினர்! தோற்றால் மூளை இல்லை என்பது; வென்றால் திருட்டு என்பது. ஒடுக்கப்பட்டவனுக்கு உலகமெங்கும் இதே இரட்டைத் தராசு. அந்தத் தராசைப் புரிந்தவர் ஒருவர் ஆசிரியராக இருந்ததால், அந்தப் பிள்ளைகள் உடைந்துபோகாமல் மீண்டும் எழுதினர்.

இன்றும் அங்கே கணக்கு நேராகவில்லை. 2017-18 பள்ளியாண்டிலே, அந்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களில் நூற்றுக்கு 27 பேர் ஸ்பானிய மொழி வழியினர். ஆசிரியர்களிலோ நூற்றுக்கு 9 பேரே.

உணர்ச்சி அன்று, ஆராய்ச்சி

'இதெல்லாம் உணர்ச்சிப் பேச்சு. ஆசிரியர் யாராயிருந்தால் என்ன? இரண்டும் இரண்டும் நான்கு என்று யார் சொன்னாலும் நான்குதானே?' என்று கேட்போர் உண்டு. பகுத்தறிவாளர் கேள்வியை வரவேற்பர். நாமும் வரவேற்கிறோம், சான்றோடு விடை கூறுகிறோம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலே 1980களில், மாணவர்களையும் ஆசிரியர்களையும் திருவுளச்சீட்டு முறையிலே வகுப்புகளுக்குப் பிரித்து அனுப்பினர். அந்தக் கணக்குகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, தம் இனத்து ஆசிரியரிடம் பயின்ற பிள்ளைகள், படிப்பிலும் கணக்கிலும் கூடுதல் மதிப்பெண் பெற்றது தெரிந்தது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒரே ஒரு கருப்பு ஆசிரியரிடம் பயின்ற கருப்புப் பிள்ளைகள்கூட, அப்படிப் பயிலாதவர்களைக் காட்டிலும் நூற்றுக்கு 13 பங்கு கூடுதலாக உயர்பள்ளி முடித்தனர் என்று வேறோர் ஆய்வு கண்டது.

நம் நாட்டுச் சான்றும் இருக்கிறது. உத்தரப் பிரதேசச் சிற்றூர்களிலே, கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே எனும் ஆய்வாளர் இருவர், 642 சிறுவர்களுக்குச் சிக்குவழிப் புதிர்கள் கொடுத்தனர். சாதியைச் சொல்லாதபோது, மேல்சாதிச் சிறுவரும் கீழ்சாதி எனப்பட்ட சிறுவரும் ஏறத்தாழச் சமமாகவே புதிர்களை அவிழ்த்தனர். எல்லோர் முன்னிலையிலும் ஒவ்வொருவன் சாதியையும் உரக்கச் சொன்ன பிறகோ, ஒடுக்கப்பட்ட சிறுவர்களின் திறன் சரிந்தது! அதே சிறுவர், அதே புதிர், அதே மூளை. இடையிலே புகுந்தது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லை வகுப்பறையிலே உச்சரிக்கும் வாய் யாருடையது, எந்தத் தொனியிலே உச்சரிக்கிறது என்பதைப் பொறுத்தே பிள்ளையின் கணக்கு ஏறுவதும் இறங்குவதும் என்றால், ஆசிரியர் யாராயிருந்தால் என்ன என்று இனியும் கேட்க முடியுமா?

சாதிக்கொரு வாத்தியாரா?

இன்னொரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. 'அப்படியானால் அந்தந்தச் சாதிப் பிள்ளைக்கு அந்தந்தச் சாதி ஆசிரியர் என்கிறீர்களா? அது சாதியை ஒழிக்குமா, வளர்க்குமா?'

அப்படி நாம் கூறவில்லை. கூறினால், பழைய அக்கிரகாரத்தை இடித்துவிட்டுப் பத்துப் புதிய அக்கிரகாரங்களைக் கட்டியவர்களாவோம். நாம் வேண்டுவது கலந்த ஆசிரியர் அறை. சேரிப் பிள்ளைக்குத் தன்னைப்போல் ஒருவர் நாற்காலியிலே அமர்ந்திருப்பதைக் காணும் நாள் வேண்டும். அதனினும் மேலாக, ஊர்த்தெருப் பிள்ளைக்குச் சேரியிலிருந்து வந்த ஆசிரியரிடம் வணக்கம் கூறிக் கணக்குக் கற்கும் நாள் வேண்டும். முன்னது தாழ்வு மனப்பான்மைக்கு மருந்து. பின்னது உயர்வு மனப்பான்மைக்கு மருந்து. இரண்டாவது நோய்தான் கொடிது. அரிவாள் தூக்குவது அந்த நோயே!

மிகைப்படுத்துகிறோமா? 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள், நெல்லை மாவட்டம் நாங்குநேரியிலே, நன்றாகப் படித்த ஆதிதிராவிட மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், உடன் படித்த பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். நாடு நடுங்கியது. பள்ளிகளிலே சாதி உணர்வைக் களைய வழிகூறுமாறு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 ஜூன் திங்களில் வந்த அறிக்கையிலே நம் பொருளோடு நேராகத் தொடர்புடைய பரிந்துரை ஒன்று உண்டு. ஒரு வட்டாரத்திலே எந்தச் சாதி மேலோங்கி நிற்கிறதோ, அந்தச் சாதியைச் சேர்ந்தோரை அங்கே தலைமையாசிரியர்களாகவும் கல்வி அலுவலர்களாகவும் அமர்த்தலாகாது என்பதே அது. ஆசிரியர் அறையிலே சாதி மேலோங்கினால் மாணவர் கையிலே கயிறாகவும் ஆயுதமாகவும் அது இறங்கும் என்பதையே அந்தப் பரிந்துரை உணர்த்துகிறது. ஆகவே, எந்தச் சாதியின் ஆதிக்கமும் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளலாகாது. பார்ப்பனரிடமிருந்து மீட்ட நாற்காலியை வேறோர் ஆதிக்கத்துக்குப் பட்டா போட்டுக் கொடுப்பதற்கா இத்தனை போர் நடத்தினோம்?

மலைமேல் ஒரு பள்ளி

இப்போது மீண்டும் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வருவோம். சித்தேரி மலை ஏறுவோம்.

அங்கே வாழ்வோர் மலையாளிகள். கேரள நாட்டார் அல்லர். மலையை ஆள்பவர் என்ற பொருளிலே மலையாளி. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளிலே குடியேறினர் என்று தம் முன்னோர் கதை கூறுவர். தமிழ்நாட்டுப் பழங்குடியினரிலே பெருந்தொகையினர் இவர்களே. தருமபுரி மாவட்டத்திலே நூற்றுக்கு நால்வர் பழங்குடியினர். 2011 கணக்குப்படி, மாநிலத்துப் பழங்குடியினரில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 54 பேரே.

இந்த மக்கள் அரசு என்ற ஒன்றை எந்த உருவிலே கண்டனர்? சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியைக் கேளுங்கள், சொல்லும். 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அவ்வூருக்குள் புகுந்து நடத்திய கொடுமை, சொல்லில் அடங்காது. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். வழக்கிலே குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். அத்தனை பேரும் அரசு ஊழியர். 2011 செப்டம்பரில், அவர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருந்து பெற்ற நீதி!

அரசு என்றால் காக்கி உடை என்றே கண்ட மலையிலே, அரசின் வேறொரு முகமாகப் போக வேண்டியவர் ஆசிரியர். தடியின்றி, கையிலே சுண்ணக்கட்டியோடு வரும் ஒரே அரசு ஊழியர் அவர். அந்த ஒருவராவது அம்மக்களுள் ஒருவராயிருந்தால், அரசு என்பது தம்மை மிரட்டும் ஒன்றன்று, தாமும் பங்கு கொண்ட ஒன்று என்று அந்தப் பிள்ளை உணரும் அல்லவா?

மலைப்பகுதியிலே பழங்குடியினர்க்கான உண்டு உறைவிடப் பள்ளிகளை அரசு நடத்துகிறது. நல்லதே. ஆனால் ஒதுக்கீட்டுக் கணக்கைப் பாருங்கள். 1990 வரையில் ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் சேர்த்தே 18 விழுக்காடு. சமவெளியிலே பள்ளிக்கு அருகிலிருந்தவனோடு, மலையிலிருந்து நடந்து வந்தவன் போட்டியிட வேண்டும். 1990இல் பழங்குடியினர்க்குத் தனியாக 1 விழுக்காடு பிரிந்தது. மாநிலம் முழுவதற்கும் அது பொருத்தமான பங்கே. ஆனால், மலைப் பள்ளியிலே மாணவர் நூற்றுக்கு நூறு பழங்குடியினராயிருக்க, ஆசிரியர் தேர்வு மாநிலக் கணக்கில் நூற்றுக்கு ஒன்று என்றால், அந்தப் பள்ளிக்கு அந்த ஒருவர் வந்து சேர்வது எந்நாள்? கீழிருந்து வருபவர் நல்லவராகவே இருக்கட்டும். மழைக்காலம் வந்தால், மாறுதல் ஆணை வந்தால், இறங்கிவிடுகிறார். மலையிலேயே பிறந்தவர் எங்கே இறங்குவார்?

ஆந்திரத்தார் இதற்கு ஒரு வழி கண்டனர். மலைக்கு அனுப்பிய வெளியூர் ஆசிரியர்கள் பள்ளிக்கே வராமையால், அட்டவணைப் பகுதிப் பள்ளிகளில் ஆசிரியர் பணி முழுவதும் அவ்விடத்துப் பழங்குடியினர்க்கே என்று 2000ஆம் ஆண்டு ஜனவரியில் ஆணையிட்டனர். இருபதாண்டுகள் நடந்தது. 2020 ஏப்ரலிலே உச்சநீதிமன்றம், நூற்றுக்கு நூறு என்பது செல்லாது என்று கூறிவிட்டது. சட்டத்தின் முடிவு அது. ஆனால் அந்த ஆணையைப் பிறப்பித்த தேவை அப்படியே நிற்கிறது. நூறு கூடாது என்றால், ஒன்றா போதும்? நூறுக்கும் ஒன்றுக்கும் இடையிலே 98 எண்கள் உள்ளனவே!

தமிழ்நாட்டிலே அட்டவணைப் பகுதி என்று எந்த மலையும் அறிவிக்கப்படவில்லை. எனவே நாம் வேறு வழிகளைக் கேட்போம். மலைப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு முழு உதவித்தொகையும் விடுதியும் வேண்டும். 1893இலே வெள்ளையன் ஒப்புக்கொண்ட கருத்தல்லவா அது! ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு மலையிலேயே பயிற்சி வகுப்பு வேண்டும். மலைப்பள்ளியிலே பணிபுரிய முன்வருவோர்க்குக் குடியிருப்பு வேண்டும்.

இளைஞரே, உங்களுக்கு ஒரு வேலை

அரசு செய்ய வேண்டியது அது. நாம் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். ஆண்டுவிழாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு செல்வதல்ல. கண்ணைத் திறந்துகொண்டு செல்வது. பிள்ளைகளில் எத்தனை பேர் சேரியிலிருந்து, எத்தனை பேர் மலையிலிருந்து வருகின்றனர் என்று பாருங்கள். ஆசிரியர் பட்டியலிலே அந்தத் தெருக்களிலிருந்து ஒருவரேனும் உண்டா என்று கேளுங்கள். வகுப்பைப் பெருக்கச் சொல்லி யாரை அழைக்கின்றனர், கரும்பலகையில் எழுத யாரை அழைக்கின்றனர் என்று கவனியுங்கள். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையின்றி இருக்கும் ஒடுக்கப்பட்ட வீட்டு இளைஞர் இருப்பாராயின், மாலை வகுப்பை அவரிடம் ஒப்படையுங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் அவர்முன் அமரட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளையை முதலில் அனுப்புங்கள். பேச்சுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தூரம் அங்கேதான் அளக்கப்படும்.

கோயில் கருவறைக்குள் யார் நுழையலாம் என்று போராடினோம்; போராடுகிறோம். வகுப்பறையும் ஒரு கருவறைதான், தோழர்களே! நாளைய சமுதாயம் உருவாகும் கருவறை அது. வாணியாற்றுக் கரையிலும் சித்தேரி மலையிலும் இன்று பெஞ்சில் அமர்ந்திருக்கும் சிறுமி, நாளை அதே பள்ளியிலே சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்துத் திரும்பி நின்று, 'எழுதுங்கள்' என்று கூற வேண்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் தலைகுனிந்து எழுத வேண்டும். அந்தக் குனிவிலே அடிமைத்தனம் இல்லை. அறிவின்மீது கொண்ட மதிப்பு மட்டுமே இருக்கும். அந்த நாளை விரைவுபடுத்துவோம்.